கடைசி அரை இன்ச்: வீட்டு வாசலில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டுபவர்களுக்கு

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவையாறு என எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். மாமரத்தடியிலோ களத்து மேட்டிலோ ஒரு டிராக்டர் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். முன்னால் இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸும் பெரிய டயர்களும், நடுவில் மரக்கட்டைகளும் ஜாக்கியும். கிளட்ச் பிளேட் மாற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் குறுவை உழவுக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும். டவுனுக்கு ஏற்றிப் போனால் செலவும் ஆகும், நாளும் போகும். அதனால் மெக்கானிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே வீட்டுப் பையன்கள் பாதி மெக்கானிக் ஆகிவிடுவார்கள். டெல்டாவில் கியர்பாக்ஸைக் கழற்றுவது யாரையும் மிரட்டுகிற வேலை கிடையாது.

அந்தத் தைரியம் இப்போது கார் பக்கமும் திரும்பியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் இன்று கிராமத்து வீட்டு வாசலிலும் நிற்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் இதில் நடப்பது எதுவும் கற்பனைக்கு மட்டும் உரியதல்ல. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய கார். ஆயில் சீல் போய், கியர்பாக்ஸைக் கழற்றி வேலை பார்த்தாயிற்று. இப்போது அதைத் திரும்ப மாட்ட வேண்டும். காருக்கு அடியில் படுத்திருப்பது சித்தப்பா. டிராக்டர் கிளட்ச் எத்தனையோ மாற்றியவர். பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த அண்ணன் மகன். கியர்பாக்ஸ் மேலே ஏறி இன்ஜினோடு கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. சுற்றிலும் அரை இன்ச் இடைவெளி மட்டும் மிச்சம்.

"உள்ள போக மாட்டேங்குது சித்தப்பா."

"அரை இன்ச்தானேடா. நாலு போல்ட்டையும் போட்டுச் சமமா முறுக்கு. தானா வந்து உக்காந்துக்கும்."

உட்கார்ந்தது. மற்ற எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றி, மாலையில் ஸ்டார்ட் செய்தார்கள். ஒரு கரகர சத்தம். டி-யில் போட்டால் வண்டி நகரவில்லை. ஆர்-இலும் நகரவில்லை. நல்ல கியர்பாக்ஸ் ஒன்று சில நொடிகளில் கெட்டுப்போனது. அதைக் கெடுத்தது காலையில் முறுக்கிய அந்த நாலு போல்ட்.

டிராக்டரிலும் இந்த இடத்தில் முரட்டுத்தனம் கூடாதுதான். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் நுழையவில்லை என்றால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் சுற்றிவிட்டுத் தள்ள வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அவசரத்தில் போல்ட் போட்டு இழுத்தாலும், அதிர்ஷ்டம் இருந்தால் டிராக்டர் பொறுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கிளட்ச் பிளேட் போகும். ஆட்டோமேட்டிக்கில் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த உருண்டையான பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்ப்செட் தெரிந்தவருக்கு இது புதிதில்லை

அதன் பெயர் டார்க் கன்வெர்ட்டர். இரண்டு பெரிய கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி வெல்டிங் வைத்ததுபோல இருக்கும். உள்ளே முழுக்க எண்ணெய்.

வயலில் ஓடும் பம்ப்செட்டை நினைத்துக்கொண்டால் போதும். மோட்டார் சுற்றும்போது இம்பெல்லரும் சுற்றித் தண்ணீரை வெளியே வீசுகிறது. அப்படி வீசப்படும் தண்ணீருக்கு எதிரே இன்னொரு இம்பெல்லரை வைத்தால் அதுவும் சுழலத் தொடங்கும். டார்க் கன்வெர்ட்டருக்குள் நடப்பது இதுதான். இன்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரே உள்ள டர்பைன் அந்த எண்ணெயின் வேகத்தில் சுழன்று கியர்பாக்ஸைச் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று. திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதனால்தான் வண்டி கிளம்பும் நேரத்தில் இழுவை சுமார் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. சிக்னலில் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றாலும் இன்ஜின் அணையாததற்கும் இந்த எண்ணெய் இணைப்புதான் காரணம்.

இதன் பிறப்பு கப்பல் கட்டும் தளத்தில். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர், ஸ்டெட்டின் நகரின் வல்கன் தளத்தில் வேலை பார்த்தபோது 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும், கப்பலின் உந்துவிசிறியோ நிதானமாகச் சுழல வேண்டும். இரண்டுக்கும் நடுவே திரவத்தை வைத்தார் அவர். கார்களில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. அதில் இருந்தது இதன் எளிய வடிவம். 1948-இல் பியூக்கின் டைனாஃப்ளோ டார்க் கன்வெர்ட்டரோடு வந்தது.

சொல்லப்போனால் டெல்டாவின் வயலுக்குள்ளும் எண்ணெயால் ஓடும் வண்டிகள் எப்போதோ வந்துவிட்டன. சம்பா அறுவடைக்கு ஈர வயலில் இறங்கும் செயின் வண்டிகள் பலவற்றில் ஒரே லீவரை முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும். அது ஹைட்ரோஸ்டேட்டிக் முறை. காரில் உள்ளதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் எண்ணெய் சுத்தமாக இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் படுத்துவிடும்.

சரி, அந்த அரை இன்ச்சுக்கு வருவோம்.

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் போய் உட்காரும்போது பொதுவாக மூன்று இடங்களில் கோத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஸ்டேட்டரைத் தாங்கும் குழாயின் பற்கள். அடுத்து, கியர்பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள். கடைசியாக, ஆயில் பம்ப். கன்வெர்ட்டரின் கழுத்துப் பகுதியில் இரண்டு வெட்டுகளோ தட்டையான பக்கங்களோ இருக்கும். பம்ப்பின் உள் கியர் அதில் பொருந்த வேண்டும். எது முதலில் கோக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறலாம், ஆனால் பெரும்பாலும் ஏமாற்றுவது அந்த ஆயில் பம்ப்தான். மற்ற இரண்டும் கோத்துவிட்டால் பார்ப்பதற்கு முழுசாக உட்கார்ந்ததுபோலவே தோன்றும்.

பம்ப் கோக்காத நிலையில் போல்ட்டை முறுக்கினால், இன்ஜின் பக்கம் கன்வெர்ட்டரைத் தள்ள, கன்வெர்ட்டர் பம்ப்பின் கியரைத் தள்ளும். அலுமினிய பம்ப் உடலோ உள் கியரோ விரிசல் விடும். அப்போது தப்பித்தாலும் ஸ்டார்ட் செய்த முதல் நொடியில் உடையும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியர் மாற்றுவது, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்துவது, எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஊட்டுவது எல்லாமே அந்தப் பம்ப் தரும் அழுத்தம்தான். அது போனால் டி, ஆர் எதுவுமில்லை. உடைந்த உலோகத் துகள் வால்வு பாடிக்குள் போனால் செலவு இன்னும் ஏறும். எப்படியும் முழு கியர்பாக்ஸையும் மறுபடி இறக்க வேண்டும்.

முதலில் எந்த ஆட்டோமேட்டிக் என்று பாருங்கள்

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் உள்ளே ஒன்றில்லை. 2014 பிப்ரவரியில் வந்த மாருதி செலிரியோதான் இந்தியாவில் ஏ.எம்.டி.யுடன் வந்த முதல் கார். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் மனிதருக்குப் பதிலாக இயந்திரக் கை செய்கிறது. அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. டிராக்டர் அனுபவம் அங்கே ஓரளவு கைகொடுக்கும், ஆனால் மாட்டி முடித்ததும் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்துக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரட்டை கிளட்ச் வகை தனி உலகம். அதை வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. இன்னோவா கிரிஸ்டா, 2022-க்குப் பிறகு வந்த எர்டிகா, பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக் ஆகியவை டார்க் கன்வெர்ட்டர் வகை. பல சி.வி.டி. கார்களிலும் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. இந்தக் கட்டுரை பேசுவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளைப் பற்றி.

அதிலும் இன்னோவா போல பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வண்டியில் கியர்பாக்ஸ் நீளவாக்கில் இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, குறுக்குச் சட்டத்தைப் பிரித்து, நேராக இறக்கி ஏற்றலாம். முன்சக்கர வண்டியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும். இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டுகளை உருவ வேண்டும், கியர்பாக்ஸ் வெளியே இருக்கும் நேரம் முழுக்க இன்ஜினை மேலிருந்து தொங்கவிட்டுத் தாங்க வேண்டும். போர்டிகோவில் செய்ய இது இரண்டு மடங்கு கஷ்டம்.

வாரண்டி இருக்கும் வண்டியில் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

மழையும் டிராக்டர் கயிறும்

ஆயில் சீல் கசிவு, தேய்ந்த கிளட்ச் பிளேட் ஆகியவற்றோடு டெல்டாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தண்ணீர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறிய இரவை இந்தப் பகுதி மறக்காது. புயல் இல்லாத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் நிரம்பினால் தெருவே வாய்க்கால் ஆகும். கடைமடை ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் சூடாகும்போது காற்று வெளியேற மேலே ஒரு சிறிய மூச்சுக்குழாய் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தாண்டினால் அது வழியாக உள்ளே போகும். சிவப்பு எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் ரோஸ் மில்க் நிறம் வரும். ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருக்கும் வண்டிகளில் உள்சுவர் ஓட்டையானாலும் இதே நிறம்தான், மழையே இல்லாமல். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பகுதி காகித இழை போன்ற பொருளைப் பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் அது உரியத் தொடங்கும். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் கொஞ்ச நாளில் கியர் வழுக்கும்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது பிரச்னையாகும். தண்ணீர் புகுந்தது ஒரு சேதம், புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்தது வேறு சேதம் என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று டிராக்டர் கயிறு. வாய்க்காலில் இறங்கிய காரை டிராக்டர் வைத்து இழுப்பது டெல்டாவில் அன்றாடம். நியூட்ரலில் போட்டு மேட்டுக்கு ஏற்றும் வரை சரி. அப்படியே டவுன் வரை இழுத்துப் போனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விடும். இன்ஜின் ஓடவில்லை என்றால் ஆயில் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாமல் சக்கரங்கள் மட்டும் சுழன்றால் உள்ளே எண்ணெய் போகாது. சக்தி போகும் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஏற்றிப் போக வேண்டும். தட்டையான லாரியில் ஏற்றினால் குழப்பமே இல்லை.

தரை, ஸ்டாண்ட், துணி

டெல்டா மண் வண்டல். நெல்லுக்குச் சொர்க்கம், ஜாக்கிக்கு நரகம். காய்ந்த களத்தில் கல்லாக இருக்கும் களிமண், ஒரு மழைக்குப் பிறகு மெல்ல உள்வாங்கும். ஜாக்கி சாய்வது உடனே தெரியாது. எனவே இந்த வேலைக்கு சிமென்ட் தளம் கட்டாயம். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் நாலு ஸ்டாண்ட். ஜாக்கி தூக்க மட்டும், தாங்குவதற்கு அல்ல. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் காருக்கு அடியில் வைக்கக் கூடாது. பாரத்தில் திடீரென்று நொறுங்கும். கார் விழுந்தால் அடியில் இருப்பவர் எழுந்து வரப்போவதில்லை. ஏற்றியதும் காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

கியர்பாக்ஸின் எடையையும் குறைவாக எண்ண வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் நெல் 40 கிலோ. பெரிய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கன்வெர்ட்டரோடு சேர்த்து இரண்டு சிப்பம் எடைக்கு வரலாம். இரண்டு பேர் மார்பில் வைத்துத் தூக்கிவிடலாம் என்று கிளம்புவார்கள். பற்களை நேராக நுழைக்க வேண்டிய நேரத்தில் கை நடுங்கும், கோணம் மாறும். கியர்பாக்ஸ் ஜாக்கியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மேல்.

துணி விஷயம் சின்னதாகத் தெரியும். ஒர்க்ஷாப் என்றாலே பனியன் வேஸ்ட்தான். டிராக்டருக்கு அது போதும். ஆட்டோமேட்டிக்கில் வேண்டாம். அதிலிருந்து உதிரும் நூல் வால்வு பாடிக்குள் போனால், நூலளவு இடைவெளியில் நகரும் வால்வுகள் சிக்கிக்கொள்ளும். நூல் உதிராத துணியோ பேப்பரோ பயன்படுத்துங்கள். அறுவடை நேரத்தில் களத்துக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸைத் திறந்து வைப்பதும் தவறு. உமித் தூசி கண்ணுக்குத் தெரியாமல் படியும். திறந்திருக்கும் எல்லா வாய்களையும் பாலிதீன் பையால் மூடுங்கள். வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், கியர்பாக்ஸ் ஏறியபின் அங்கே கை போகாது. நெல் வீட்டில் எலி இல்லாமல் இருக்காது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

ஏற்றும் வேலை

கன்வெர்ட்டரை முதலில் தரையிலேயே கியர்பாக்ஸுக்குள் உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன், அதற்குள் சுமார் ஒரு லிட்டர் புது எண்ணெயை ஊற்றுங்கள். பம்ப்செட்டுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதுபோலத்தான் இது. வெறும் வயிற்றோடு ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிடத்திலேயே பம்ப் உலர்ந்து ஓடும். புது சீலின் உதட்டில் அதே எண்ணெயைத் தடவுங்கள்.

கியர்பாக்ஸை வாய் மேலே பார்க்கச் சாய்த்து வைத்துக்கொண்டு, கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். அழுத்தம் வேண்டாம், அதன் எடையே போதும். ஒரு தட். கொஞ்சம் சுற்றினால் இன்னொரு தட். இன்னும் சுற்றுங்கள். கடைசியாக ஒரு முறை சட்டென்று அரை இன்ச் போல உள்ளே இறங்கும். அந்த மூன்றாவது இறக்கம்தான் ஆயில் பம்ப். சித்தப்பா வீட்டில் மிச்சமிருந்த அரை இன்ச் இதுவேதான்.

காதை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். பெல் ஹவுசிங்கின் வாய் மேல் நேரான இரும்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் மாட்டும் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். அந்த அளவு ஒவ்வொரு மாடலுக்கும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கழற்றும்போதே ஒரு முறை அளந்து சுவரில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. அளவு குறைவாக வந்தால் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

சரியாக உட்கார்ந்த கன்வெர்ட்டர், கியர்பாக்ஸைத் தூக்கும்போது முன்னே நழுவி வரலாம். சிறிய தவறு, ஆனால் எல்லா உழைப்பையும் வீணாக்கும். பெல் ஹவுசிங் வாயில் ஒரு பட்டையை போல்ட் போட்டுத் தடுப்பாக வைத்து, இன்ஜினோடு சேர்வதற்குக் கடைசி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

இன்ஜினின் பின் முகத்தில் இரண்டு டவல் பின்கள் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கியர்பாக்ஸை நடுமையத்தில் நிறுத்துபவை அவை. பழையதைக் கழற்றும்போது அதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவை இல்லாமல் மாட்டினால் மையம் கொஞ்சம் விலகி, பம்ப்பின் புஷ் மெல்லத் தேய்ந்து, சில மாதத்தில் முன்சீல் மறுபடி கசியும். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி ஏற்றலாம். கியர்பாக்ஸின் முகமும் இன்ஜினின் முகமும் கை அழுத்தத்திலேயே முழுக்கச் சேர வேண்டும். போல்ட்டின் வேலை சேர்ந்ததைப் பிடித்துக்கொள்வது மட்டுமே. இடைவெளி தெரிந்தால் ஜாக்கியின் கோணத்தை மாற்றுங்கள், நடுவில் வயர் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இறக்கி அளவெடுங்கள்.

சேர்ந்தபின் இரண்டு சோதனை. கீழே உள்ள ஜன்னல் வழியாகக் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, பல வண்டிகளில் 3 மி.மீ. அளவில், இருக்க வேண்டும். கன்வெர்ட்டரை அந்த அளவு முன்னே இழுத்துத்தான் ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு போல்ட் போட வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகி ஒட்டியிருந்தால் பம்ப் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கன்வெர்ட்டர் போல்ட்டுகளை முதலில் எல்லாவற்றையும் கையால் நுழைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்ச்சில் முறுக்குங்கள். அடுத்த போல்ட் ஜன்னலுக்கு வர, முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைச் சுற்ற வேண்டும். பழைய போல்ட்டையே போடுங்கள். கைக்குக் கிடைத்த நீளமான போல்ட் கன்வெர்ட்டரின் முகத்தை உள்பக்கமாக நெளித்துவிடும்.

எண்ணெய்: எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

பழைய கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்து கெட்டிருந்தால் அதன் துகள் எல்லாம் கூலரிலும் அதன் குழாய்களிலும் தேங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் சரிசெய்த கியர்பாக்ஸுக்கு அதையே ஊட்டுகிறோம்.

ஏ.டி.எஃப். எனப்படும் எண்ணெயில் பல தரங்கள் உண்டு. வண்டியின் கையேட்டில் எழுதிய தரத்தை மட்டும் ஊற்றுங்கள். சி.வி.டி.க்குத் தனி எண்ணெய். டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று நினைக்கவே கூடாது. உராய்வுத் தன்மை மாறினால் கியர் விழும்போது உதறும், பிளேட் எரியும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் குழப்பம் வரும். வழக்கமாக எண்ணெய் மாற்றும்போது அடியில் இறங்குவது ஒரு பகுதிதான், மீதி கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். இப்போது எல்லாம் காலி. ஆகவே கொஞ்சம் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, மறுபடி ஊற்றி என்று படிப்படியாகப் போக வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், கையேடு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பொதுவாக இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் சூடான பிறகு பார்ப்பார்கள். இப்போதைய பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து, மிகுதி எண்ணெய் வழிந்து மெல்லிய சரடாக வரும்போது மூட வேண்டும். அந்த வெப்பநிலையைக் காட்ட ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அந்த ஒரு மணி நேரத்துக்காவது வீட்டுக்கு அழையுங்கள். பழைய கியர்பாக்ஸுக்குக் கணினி பழகி வைத்திருந்த கணக்கை அழிக்கவும் அவர் தேவைப்படுவார்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியர் லீவரின் கேபிள் சரியாக இருக்கிறதா, எர்த் வயர் மாட்டியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் வயரை மறந்தால் ஸ்டார்ட்டரே இழுக்காது, அதற்கும் கியர்பாக்ஸையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். பி-யிலும் என்-இலும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும். டி-யில் ஸ்டார்ட் ஆனால் உடனே நிறுத்துங்கள், ஸ்விட்ச் தவறாக இருக்கிறது. கைப்பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி மாற்றுங்கள். அந்த நேரத்தில் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் திண்ணையில் இருக்கட்டும். கரகர சத்தமோ, சீரான டிக் டிக் சத்தமோ கேட்டால் அணைத்துவிடுங்கள். பிறகுதான் தெருவில் மெல்ல ஒரு சுற்று.

இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் அடுத்தவர் நாற்றங்காலுக்குத்தான் போகிறது. கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேர்த்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

சித்தப்பா வீட்டில் இரண்டாவது முறை கியர்பாக்ஸ் ஏறியபோது பம்ப் புதிது. இந்த முறை போல்ட்டுகள் எல்லாம் ஒரு கிண்ணத்தில் தள்ளி இருந்தன. டார்ச்சும் ஸ்கேலும் அண்ணன் மகன் கையில்.

"எவ்வளவுடா இருக்கு?"

"மூணு மில்லிமீட்டர் சித்தப்பா."

"கையால சுத்திப் பாரு."

"சுத்துது."

"இன்னொரு தடவ சுத்து. அப்புறம் போல்ட்ட எடு."